குறைமாதக் குழந்தையின் முதல் வாரச் சாப்பாடு

குறைமாதத்தில் குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பிழைக்குமா?" என்பதுதான். சில நாட்கள் கழித்து, ஆபத்துக் கட்டம் தாண்டியது என்று டாக்டர் சொன்ன பிறகு, தாயின் மனத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது. "பிழைத்தது சரி. மற்றப் பிள்ளைகளைப் போல இதுவும் நடக்குமா, பேசுமா, பள்ளிக்கூடத்தில் படிக்குமா?"

முதல் கேள்விக்கு வைத்திய சாஸ்திரம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெருமளவு பதில் கண்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியின் ஒரு பகுதி, பிறந்த முதல் ஏழு நாட்களில் இந்தக் குழந்தைகளுக்கு இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும் உணவைப் பற்றியது. அதை எப்போது தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது, அதிகம் கொடுத்தால் மூளை நன்றாக வளருமா என்பதில் நிபுணர்களின் எண்ணம் இரண்டு முறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் நம் நாட்டுக்கும் பாடம் உண்டு.

இது சீமை ஆஸ்பத்திரிகளின் பிரச்னை, நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 37 வாரம் முடிவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் அவ்வாறு பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம். அவற்றில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. நம் நாட்டில் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 13 குழந்தைகள் நாள் நிறையாமல் பிறக்கின்றன.

இவர்கள் எல்லோருக்கும் இரத்தக் குழாய் வழி உணவு தேவையில்லை. பெரும்பாலோர் 32 வாரத்துக்கு மேல் பிறப்பவர்கள். தாய்ப்பாலும் கதகதப்பும் கிடைத்தால் தேறிவிடுவார்கள். உலகக் கணக்கில் குறைப்பிரசவங்களில் சுமார் 15 சதவிகிதம் 32 வாரத்துக்கு முற்பட்டவை. இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தச் சின்னஞ்சிறு குழந்தைகளைப் பற்றியது.

எட்டாம் மாதத்தின் மீது ஒரு பழி

"ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இதில் உண்மை இல்லை. கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 34-வது வாரத்தில்கூட மூளையின் எடை நிறைமாத மூளையின் எடையில் சுமார் 65 சதவிகிதம்தான். மீதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரத்தில் வளர வேண்டியது. 27-வது அல்லது 28-வது வாரத்தில் பிறக்கும் குழந்தையின் எடை ஒரு கிலோ அளவில் இருக்கும். தாயின் வயிற்றில் இருந்திருந்தால் அடுத்த பன்னிரண்டு வாரத்தில் அந்த ஒரு கிலோ மூன்று கிலோ ஆகியிருக்கும்.

இந்த வளர்ச்சிக்கு வேண்டிய சரக்கைத் தாயின் நச்சுக்கொடி இரவு பகல் பாராமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு கிராம் வரை அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் செங்கற்கள், அந்த வழியாகப் போய்ச் சேருகின்றன. குழந்தை திடீரென்று பிறந்து தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் இந்தச் சப்ளை ஒரே நொடியில் நின்றுவிடுகிறது.

நிறைமாதக் குழந்தைக்கு இதனால் பெரிய கஷ்டமில்லை. அதன் உடம்பில் கொழுப்புச் சேமிப்பு உண்டு. தாய்க்குப் பால் நன்றாகச் சுரக்க இரண்டு மூன்று நாள் ஆனாலும் அது தாக்குப்பிடிக்கும். ஒரு கிலோ குழந்தையின் நிலை வேறு. அதன் உடம்பில் கொழுப்பு ஒரு சதவிகிதம் அளவே இருக்கும். வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் நிறைமாதக் குழந்தையின் சேமிப்பு சுமார் ஒரு மாதம் தாங்கும் என்றும், ஒரு கிலோ குழந்தையின் சேமிப்பு நான்கு நாட்களுக்குத்தான் தாங்கும் என்றும் 1970-களிலேயே கணக்கிட்டார்கள். கையிருப்பு இல்லாத வீட்டில் சம்பளமும் நின்றுபோனால் எப்படியோ, அப்படி.

குளுகோஸ் மட்டும் போதுமா?

"அதுதான் குளுகோஸ் ஏற்றுகிறார்களே?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நாளில் ஒரு கிலோ எடைக்கு 80 மில்லி லிட்டர் திரவம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். பத்து சதவிகித குளுகோஸ் திரவமானால் அதில் இருப்பது 8 கிராம் குளுகோஸ். அதிலிருந்து கிடைக்கும் சக்தி சுமார் 27 காலரி. உயிர் ஓடிக்கொண்டிருப்பதற்கே இதைவிட அதிகம் தேவை. வளர்வதற்கு வேண்டியது 90 முதல் 120 காலரி வரை.

பற்றாக்குறையை உடம்பு எங்கிருந்து ஈடுகட்டும்? தன் தசையைக் கரைத்துத்தான். குளுகோஸில் புரதம் கிடையாது. குளுகோஸ் மட்டும் பெறும் குழந்தை நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்கு மேல் தன் சொந்தப் புரதத்தை இழக்கிறது. கூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் குறைந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் பாலைப் புகட்டலாமே என்றால் அதுவும் எளிதல்ல. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்காக இணைத்துச் செய்யும் திறமை 34 வாரத்தை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பைக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பால் செலுத்த வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளின் குடலுக்கோ ஜீரணிக்கும் பக்குவம் இல்லை. அவசரப்பட்டு அதிகம் செலுத்தினால் குடலே புண்பட்டு அழுகும் கொடிய நோய் வரக்கூடும். எனவே முதலில் சில துளிகள், பிறகு சில மில்லி லிட்டர் என்று படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. முழுப்பால் அளவை எட்டுவதற்குள் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகிவிடும். இந்த இடைவெளிக்குப் பாலம் போடுவதுதான் இரத்தக் குழாய் வழி உணவு.

இரத்தக் குழாய் வழியே ஒரு சமையல்

இரத்தக் குழாய் வழியாகவே ஓர் உயிரை வளர்க்க முடியும் என்று நிரூபித்தவர்கள் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர்கள். ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர், ஜோனதன் ரோட்ஸ் ஆகியோர் 1960-களில் முதலில் நாய்க்குட்டிகளிடம் சோதித்தார்கள். 1967-ல், சிறுகுடல் ஏறக்குறைய முழுவதும் அடைபட்ட நிலையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்த முறையைக் கையாண்டார்கள். வாய் வழியாக எதையும் ஏற்க முடியாத அந்தக் குழந்தை எடை கூடியது, வளர்ந்தது. 22 மாதங்கள் உயிர் வாழ்ந்தது. 1968-ல் இந்த விவரம் அமெரிக்க வைத்தியச் சங்கப் பத்திரிகையில் வெளிவந்தபோது உலகம் வியந்தது.

கொழுப்புக்கு வழி கண்டவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் ரெட்லிண்ட். எண்ணெயை நேராக இரத்தத்தில் விட்டால் ஆள் பிழைக்க முடியாது. சோயா எண்ணெயை முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த பொருளோடு கலந்து, பால் போல நுண்ணிய துளிகளாக்கினார் அவர். 1960-களின் ஆரம்பத்தில் அது புழக்கத்துக்கு வந்தது. இன்றும் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வெள்ளை நிறத்தில் சொட்டிக்கொண்டிருப்பது அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

ஆகவே குளுகோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உப்புக்கள், வைட்டமின்கள் எல்லாம் சேர்ந்த முழுச் சாப்பாட்டை இரத்தக் குழாய் வழியாகத் தர முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது. ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் நாளிலிருந்தே கொடுக்க டாக்டர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். ஆரம்ப காலத்து அமினோ அமிலத் திரவங்கள் சில, குழந்தைகளின் இரத்தத்தில் அமிலத்தையும் அம்மோனியாவையும் கூட்டின. அந்தப் பயத்தினால் இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்குவது, நாளுக்கு அரை கிராம் வீதம் ஏற்றுவது என்பது வழக்கமாயிற்று. திரவங்கள் திருந்திய பிறகும் பழைய பயம் போகவில்லை.

எண்ணம் மாறிய விதம்

முதல் மாற்றம் வந்தது இங்கிலாந்திலிருந்து. 1980-களின் தொடக்கத்தில் அலன் லூகாஸ் என்ற டாக்டரும் அவரது சகாக்களும் இரண்டு ஊர்களில் 424 குறைமாதக் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குச் சாதாரணப் புட்டிப்பால். மற்றவர்களுக்குப் புரதமும் சத்தும் கூட்டிய விசேஷப் பால். சராசரியாக ஒரு மாதம்தான் இந்த வித்தியாசம். ஏழரை, எட்டு வயதில் அதே பிள்ளைகளைச் சோதித்தபோது, சாதாரணப் பால் குடித்த சிறுவர்களின் சொல்லறிவு மதிப்பெண் கணிசமாகக் குறைந்திருந்தது. 1998-ல் வெளியான இந்த முடிவு ஒரு செய்தியைச் சொன்னது. குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரங்களின் உணவு, வயிற்றோடு நிற்கும் சமாசாரம் அல்ல. பள்ளிப் பருவம் வரை அதன் நிழல் விழுகிறது.

அடுத்து 2009-ல் அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த 148 குழந்தைகளின் பழைய ஏடுகளைப் புரட்டி, முதல் வாரத்தில் யார் யாருக்கு எவ்வளவு உணவு போயிற்று என்று கணக்கெடுத்தார்கள். 18 மாதத்தில் அந்தக் குழந்தைகளின் மனவளர்ச்சி மதிப்பெண்ணோடு அதை ஒப்பிட்டார்கள். முதல் வாரத்தில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதம் கூடினால் மதிப்பெண் 8 புள்ளி கூடியிருந்தது.

எட்டுப் புள்ளி என்பது அற்ப விஷயமல்ல. ஒரு பிள்ளை வகுப்பில் தட்டுத் தடுமாறிப் படிப்பதற்கும் ஓரளவு சரளமாகப் படிப்பதற்கும் உள்ள தூரம் அது. முதல் நாளிலேயே அமினோ அமிலம் தொடங்க வேண்டும், தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்ற கட்சிக்குப் பலம் சேர்ந்தது. ஐரோப்பியக் குழந்தை மருத்துவச் சங்கங்கள் 2018-ல் வகுத்த விதிகள், முதல் நாளில் கிலோவுக்குக் குறைந்தது ஒன்றரை கிராம், இரண்டாம் நாளிலிருந்து இரண்டரை முதல் மூன்றரை கிராம் என்று நிர்ணயித்தன. அதற்கு மேல் போகவேண்டாம் என்றும் எச்சரித்தன.

நியூசிலாந்து கொடுத்த அதிர்ச்சி

ஏடுகளைப் புரட்டிச் செய்யும் ஆய்வில் ஒரு பலவீனம் உண்டு. எந்தக் குழந்தைக்குக் குறைவாக உணவு போயிருக்கும்? மூச்சுத் திணறிக் கிடந்த குழந்தைக்கு, இரத்த அழுத்தம் தாழ்ந்த குழந்தைக்கு, கிருமி தாக்கிய குழந்தைக்கு. நோய் முற்றியதால் உணவு குறைந்தது; அதே நோயினால் மூளை வளர்ச்சியும் குன்றியது. பிற்பாடு பார்ப்பவருக்கு உணவு குறைந்ததால் மூளை குன்றியதாகத் தோன்றும். ஆய்வாளர்கள் கணிதத்தின் மூலம் இதைச் சரிக்கட்ட முயல்கிறார்கள். ஆனால் எழுதி வைக்கப்படாத வித்தியாசங்களைக் கணிதமும் சரிக்கட்ட முடியாது.

சந்தேகம் தீர ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுத்துப் பார்ப்பது. நியூசிலாந்தில் எட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து அதைச் செய்தன. ஒரு கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள 434 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான இரத்தக் குழாய் உணவு உண்டு. பாதிப்பேருக்கு மட்டும் முதல் ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராம் அமினோ அமிலம் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. இரண்டு வயதில் உயிரோடும் மூளைக் குறைபாடு இல்லாமலும் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

2022-ல் முடிவு வெளிவந்தது. கூடுதல் புரதம் பெற்ற 203 பேரில் 97 பேர், அதாவது சுமார் 48 சதவிகிதம். வழக்கமான அளவு பெற்ற 205 பேரில் 102 பேர், அதாவது சுமார் 50 சதவிகிதம். லாபம் எதுவும் இல்லை. அதைவிடக் கவலை தரும் விஷயம் இன்னொன்று. நடுத்தர அல்லது கடுமையான குறைபாடு, கூடுதல் புரதம் பெற்றவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காணப்பட்டது.

காரணம் என்ன? நிபுணர்கள் சுட்டுகிற ஒன்று, பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென விருந்து வைத்தால் நேரும் கெடுதி. அமினோ அமிலம் வெள்ளமாக வந்ததும் உயிரணுக்கள் வேகமாக வளர முயல்கின்றன. அதற்கு வேண்டிய பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புக்களை இரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்கின்றன. இரத்தத்தில் அவை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடுகின்றன. இந்தக் கோளாறு நியூசிலாந்திலும் கூடுதல் புரதம் பெற்றவர்களிடம்தான் அதிகம் தென்பட்டது. செங்கல் மட்டும் லாரி லாரியாக வந்து சிமெண்டு வராத கட்டட வேலை போன்றது அது.

தவறான முடிவுக்கு வரக்கூடாது

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் இரத்தக் குழாய் வழி உணவே வேண்டாம், குளுகோஸே போதும்" என்று யாரேனும் சொன்னால் அது பெரும் பிழை. நியூசிலாந்தில் ஒப்பிடப்பட்டவை பட்டினியும் சாப்பாடும் அல்ல. போதிய சாப்பாடும் அதற்கு மேல் கூட்டிய சாப்பாடும். போதும் என்ற அளவுக்கு மேல் புரதத்தைக் கூட்டிப் பயனில்லை என்பதே அதன் தீர்ப்பு. புரதமே இல்லாத குளுகோஸ் நம் குழந்தையின் தசையைக் கரைக்கிறது என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில்தான் நம் நாட்டு நிலைமை வேறுபடுகிறது. நியூசிலாந்தின் கவலை, போதுமான அளவுக்கு மேல் போவதா என்பது. நம் நாட்டில் எத்தனையோ இடங்களில் முதல் வாரத்தில் குளுகோஸும் உப்பும் தவிர வேறொன்றும் ஏறுவதில்லை. அமினோ அமிலம், கொழுப்புத் திரவங்களின் விலை ஒரு காரணம். விலையை அரசு கொடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா என்றால், தீராது.

கிருமி என்னும் எதிரி

குளுகோஸும் அமினோ அமிலமும் கொழுப்பும் குழந்தைக்கு மட்டுமல்ல, கிருமிகளுக்கும் விருந்து. இந்தத் திரவம் அடர்த்தியானது. கையிலுள்ள சிறு நரம்பு அதைத் தாங்காது. தொப்புள் சிரை வழியாகவோ, கையிலிருந்து இதயத்துக்கு அருகில் போகும் மெல்லிய குழாய் வழியாகவோ விட வேண்டும். அந்தக் குழாய் பல நாள் உள்ளே கிடக்கும். கை கழுவாமல் ஒருவர் அதைத் தொட்டால் போதும்.

திரவத்தைக் கலக்கும் இடமும் முக்கியம். வடிகட்டிய காற்று வீசும் தனி மேஜையில், பயிற்சி பெற்றவர் கலக்க வேண்டும். இவ்வளவு வசதிகள் உள்ள இங்கிலாந்திலேயே 2014-ல் ஒரு தொகுதித் திரவத்தில் கிருமி கலந்து பல ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. சில குழந்தைகள் இறந்தன.

நம் நாட்டில் நிலைமை எப்படி? டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் அனுமதிக்கப்பட்ட 13,530 குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஏழு குழந்தைகளில் ஒன்றுக்கு இரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தது. அந்தக் கிருமிகளில் பல, பெரும்பாலான மருந்துகளுக்கு மசியாதவை. தலைநகரிலேயே இப்படி என்றால் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரத்தத்தில் கிருமி பரவினால் அதுவும் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மூளைக்காக ஏற்றிய உணவே மூளைக்கு எமனாக முடியக்கூடும்.

எனவே, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அமினோ அமிலப் புட்டிகளை அனுப்பி வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று அரசு இருந்துவிடக்கூடாது. புட்டியோடு, கலக்க ஓர் அறை, கலக்கத் தெரிந்த ஆள், சில துளி இரத்தத்திலேயே சர்க்கரையும் பாஸ்பேட்டும் கொழுப்பும் பார்க்கும் சோதனைக்கூடம், இரண்டு மூன்று குழந்தைக்கு ஒரு நர்ஸ் ஆகிய நான்கும் போக வேண்டும். இவை இல்லாத இடத்தில் அந்த உணவைத் தொடங்குவதைவிட, இவை உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்குமாறு தாயை முன்கூட்டியே அனுப்புவது நல்லது. கருப்பையைவிடச் சிறந்த ஆம்புலன்ஸ் கிடையாது.

பாலாடையின் பெருமை

இன்னொரு வழி நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. இரத்தக் குழாய் உணவு எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. அதை நிறுத்த வல்லது தாய்ப்பால் ஒன்றுதான். முதல் நாளிலிருந்தே, சில துளியானாலும், சீம்பாலைக் கறந்து குழாய் வழியாகக் கொடுக்கத் தொடங்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் நாளிலேயே கூடிய விரைவில் பால் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் 2022-ல் பரிந்துரைத்தது.

32 வாரத்தை எட்டிய குழந்தைக்கு நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையே போதும். இந்தச் சின்னப் பாத்திரம் இன்று இந்தியா முழுவதிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுகிறது. வைத்திய நூல்களில் ஆங்கிலத்திலும் "பாலாடை" என்ற பெயரிலேயே வழங்குகிறது என்பதில் தமிழர்கள் பெருமைப்படலாம்.

தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமானால் என்ன செய்வது? இங்கேதான் மும்பை நகரம் வழிகாட்டியது. 1989-ல் சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதலாவது. தாராவிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஆஸ்பத்திரி அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலருக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு தாய்க்கு மிகுந்த பால் இன்னொருத்தியின் குழந்தைக்கு உயிர் கொடுக்கிறது. சாதி, மொழி, மாகாணம் எதுவும் அதில் கலப்பதில்லை.

கதகதப்புக்கும் இதே கதைதான். கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் தவித்த கொலம்பியா நாட்டில் 1978-ல் எட்கர் ரே என்ற டாக்டர், குழந்தையைத் தாயின் மார்போடு தோலில் தோல் படக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். 2021-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது. நம் நாட்டில் டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி அதில் பங்கு கொண்டது. ஒன்று முதல் ஒன்றே முக்கால் கிலோ வரை எடையுள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் சேர்த்தபோது, 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவிகிதம். வழக்கப்படி உடல்நிலை சீரான பிறகு சேர்த்தபோது 15.7 சதவிகிதம். நூறு குழந்தைகளில் நாலு உயிர் கூடுதலாக மிஞ்சியது. இதற்குப் புட்டியும் வேண்டாம், அன்னியச் செலாவணியும் வேண்டாம். தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்காமல் இருக்க வார்டில் ஒரு கட்டில் வேண்டும், அவ்வளவுதான்.

மும்பைத் தமிழருக்கு ஒரு வார்த்தை

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்கு இதில் தனியான சங்கடம் ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போவது நம் வழக்கம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ரயில் ஏறத் திட்டம் போட்டிருக்கும்போது, இங்கேயே குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்து, எடை தேறியதும், "இனி அம்மா வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும்" என்று திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ அனுப்பிவிடுகிறோம். இங்குள்ள டாக்டர் மறுபடி அந்தக் குழந்தையைப் பார்ப்பதில்லை. அங்குள்ள டாக்டருக்கு அதன் பூர்வோத்திரம் தெரிவதில்லை.

இதில் இழப்பு பெரிது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பிறந்து நான்கு வாரத்துக்குள், மிகச் சிறிய குழந்தையானால் அதற்கும் முன்னதாக, கண் டாக்டர் பரிசோதித்தாக வேண்டும். தவறினால் தடுக்கக்கூடிய பார்வையிழப்பு நேரலாம். காதும் சோதிக்கப்பட வேண்டும். தலையின் சுற்றளவை அளந்து எழுதி வர வேண்டும். மூளை வளர்கிறதா என்பதற்கு வீட்டிலும் பார்க்கக்கூடிய அளவுகோல் அது.

எனவே ஊருக்குப் போகும்போது ஆஸ்பத்திரிச் சீட்டை, பிறந்த எடை, எத்தனையாவது வாரம், என்ன சிகிச்சை என்ற விவரங்களோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற கைக்குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை அளிக்கும் திட்டம் 2011-ல் தொடங்கியது. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறியும் தேசியத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன் கீழ் மாவட்டங்களில் தனி மையங்கள் உள்ளன. இவை எந்த மாநிலத்தவருக்கும் உரியவை. கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்கவும் வேண்டாம். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை, அது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "டிரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குழந்தை விஷயத்தில் டாக்டரிடம் "இன்னும் சத்தாக ஏதாவது ஏற்றுங்கள்" என்று வற்புறுத்துவதில் பயனில்லை. நியூசிலாந்தின் பாடம் அதுதான். அதற்குப் பதில், "தாய்ப்பால் எப்போது தொடங்குவீர்கள்? அம்மா எப்போது மார்பில் வைத்துக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள்.

கணக்கை எங்கே முடிப்பது?

பச்சிளங்குழந்தைகளின் மரணத்தை 2030-க்குள் ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கமாகக் குறைப்பது என்று மத்திய அரசு 2014-ல் இலக்கு வைத்தது. 2020-ல் அது ஆயிரத்துக்கு 20 ஆக இருந்தது. மாவட்டந்தோறும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் திறக்கப்பட்டதில் பல்லாயிரம் உயிர்கள் தப்பியிருக்கின்றன. இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த இலக்கு, பிறந்த 28 நாட்களோடு கணக்கை முடித்துவிடுகிறது. இருபத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போன குழந்தை இரண்டு வயதில் நடக்கிறதா, பேசுகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது.

நியூசிலாந்து டாக்டர்கள் 28 நாளோடு ஏட்டை மூடியிருந்தால், கூடுதல் புரதம் கெடுதல் செய்யக்கூடும் என்பது உலகத்துக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டு ஆண்டு காத்திருந்து ஒவ்வொரு குழந்தையையும் தேடிப் பிடித்துப் பார்த்ததால்தான் உண்மை வெளிவந்தது. உலகிலேயே அதிகமான குறைமாதக் குழந்தைகள் பிறக்கும் நாடு, அவர்கள் என்ன ஆனார்கள் என்று இரண்டு வயதில் தானே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பச்சிளங்குழந்தைப் பிரிவும் ஆண்டுதோறும், எத்தனை பேரைப் பிழைக்க வைத்தோம் என்பதோடு, இரண்டு வயதில் எத்தனை பேர் குறையில்லாமல் இருக்கிறார்கள் என்பதையும் வெளியிடட்டும். அந்த எண் வெளிவரத் தொடங்கினால், புட்டி எங்கே தேவை, நர்ஸ் எங்கே தேவை, தாய்க்குக் கட்டில் எங்கே தேவை என்பது தானாகவே தெரிந்துவிடும்.